பழைய கோயிலைத் திருத்திறதெண்டா என்ன? சுவருக்கும் முன்றலுக்கும் உள்ள தொடர்பு

எங்கட பக்கம் ஒரு பழைய கோயிலைத் திருத்தப்போறம் எண்டு கூட்டம் வச்சா முதல் பத்து நிமிசத்திலயே மூண்டு சொல்லு வந்திடும்: சீமெந்து, ரைல்ஸ், பெயின்ற். நாலாவதா ஒருத்தர் எழும்பி, கனடாவில இருந்து இன்னார் முன்றல் முழுக்க இன்ரலொக் கல்லுப் பதிக்கக் காசு தாறாராம் எண்டுவார், எல்லாரும் கைதட்டுவினம், பெருநாளுக்கு முதல் முடிக்கோணும் எண்டு தீர்மானம் எழுதிப்போட்டு தேத்தண்ணியைக் குடிச்சிட்டு எழும்பிப் போவினம். நானும் அப்பிடி ஒரு கூட்டத்தில கைதட்டின ஆள்தான். ரெண்டு மாரி போனாப்பிறகு பாத்தா சுவரில பூசின சீமெந்து பாளம் பாளமா வீங்கிக் கிடக்கு, விரலால தட்டினா வெறும் பானையைத் தட்டின மாதிரிச் சத்தம், ஒரு துண்டைப் பேத்துப் பாத்தா உள்ள இருந்த கல்லு மாவாக் கொட்டுது. 200 வருசம் நிண்ட கல்லு நாங்கள் காசு செலவழிச்ச உடன ஏன் கொட்டத் தொடங்கினது எண்டு தேடிப் பாத்து விளங்கிக்கொண்டதைத்தான் இஞ்ச எழுதுறன். கட்டடக்கலை படிக்காத ஆக்களுக்காக.

ஒரு சின்ன விசயம், நான் கோயில் எண்டு எழுதேக்க சேர்ச்சைத்தான் சொல்லுறன். யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் அப்பிடித்தான் சொல்லுறது, மரியன்னை பேராலயத்தைக் கேட்டா ஓட்டோக்காரருக்குத் தெரியாமலும் போகலாம், "பெரிய கோயில்" எண்டா இறக்கிவிடுவார். புரட்டஸ்தாந்து ஆக்கள் சேர்ச் எண்டுவினம். சுவருக்கு ரெண்டும் ஒண்டுதான்.

முதல்ல சொல்லுக் குழப்பத்தைப் பாப்பம். பேப்பரில எல்லாத்துக்கும் "புனரமைப்பு" எண்டு ஒரே சொல்லைப் போடுவாங்கள், அதுக்குள்ள நாலு வேற வேற வேலை ஒளிஞ்சு கிடக்கு. அம்மம்மாவின்ர கூறைச்சீலை ஒண்டு பெட்டிக்குள்ள கிடக்கெண்டு வைப்பம். அதை எடுத்து வெயில் படாம காத்தாட விட்டு, பூச்சி வராமப் பாத்து மடிச்சு வைக்கிறது ஒரு வேலை, அது பாதுகாத்தல். ஆரோ இடையில ஒட்டின பொருந்தாத கரையைப் பிரிச்சு எடுத்து, கிழிஞ்ச இடத்தை அதே நூலால இழையோடி, அது முந்தி இருந்த கோலத்துக்குக் கொண்டுவாறது மீட்டெடுத்தல். சீலையை வெட்டி பேத்திக்குப் பாவாடை சட்டை தைக்கிறது மாற்றிப் பாவிக்கிறது, பிழையில்லை, ஆனா அது பிறகு சீலை இல்லை. சீலை எரிஞ்சே போச்சு, கலியாணப் படத்தைப் பாத்து அதே மாதிரி ஒண்டு புதுசா நெய்விச்சா அது மீளக்கட்டுதல். எங்கட கூட்டங்களில பெரும்பாலும் நடக்கிறது இந்த நாலும் இல்லை. சீலைக்கு மேல பெயின்ற் அடிக்கிறது.

1964இல வெனிஸ் நகரத்தில கட்டடக் கலைஞர்களும் தொல்லியல் ஆக்களும் கூடி ஒரு சாசனம் எழுதினவை, வெனிஸ் சாசனம் எண்டு சொல்லுறது, இண்டைக்கும் உலகம் முழுக்க இந்த வேலை செய்யிற ஆக்கள் அதைத்தான் முதல்ல தூக்குவினம். அதில எனக்குப் பிடிச்ச ஒரு விதி என்னெண்டா, ஊகம் தொடங்கிற இடத்தில மீட்டெடுப்பு நிண்டிடோணும். அதாவது இந்த யன்னலுக்கு மேல ஒரு பூ வேலைப்பாடு இருந்திருக்கும் போல எண்டு நினைச்சு ஒரு பூவைச் செதுக்கி வைக்கக்கூடாது. படம் இருக்கா, வரைபடம் இருக்கா, உடைஞ்ச துண்டு கையில இருக்கா, இருந்தா வை. இல்லையெண்டா வெறுமையா விடு, இல்லாட்டி புதுசெண்டு தெரியிற மாதிரி வை.

இது எவ்வளவு பெரிய சிக்கல் எண்டு விளங்க நாங்கள் தூரத்துக்குப் போகத் தேவையில்லை, யாழ்ப்பாணக் கோட்டைக்குள்ள போனாக் காணும். ஒல்லாந்தர் 1658இல போர்த்துக்கேயரிட்ட இருந்து கோட்டையைப் பிடிச்சு, பிறகு அதை ஐஞ்சு மூலை நட்சத்திரக் கோட்டையாக் கட்டினவை. உள்ள 1706இல கட்டின சேர்ச்சுக்குப் பேர் குறூய்ஸ் கேர்க், எண்டா சிலுவைச் சேர்ச், நாலு கையும் ஒரே அளவா வாற சிலுவை வடிவம். நிலத்தில பழைய கல்லறைக் கற்கள் பதிச்சிருந்தது. 1990இல கோட்டையைச் சுத்தி நடந்த முற்றுகைச் சண்டையோட அது அழிஞ்சுபோச்சு. சண்டை முடிஞ்சாப்பிறகு நெதர்லாந்து உதவியோட கோட்டைச் சுவருகளைத் திருத்தினவை, ஆனா சேர்ச் இருந்த இடத்தில இண்டைக்கும் இடிபாடுதான். கனபேர் "ஏன் அதைக் கட்டேல்லை" எண்டு கேப்பினம். கட்டலாம்தான். ஆனா எதைக் கட்டுறது? அடியில போர்த்துக்கேயர் காலம், அதுக்கு மேல ஒல்லாந்தர், பிறகு ஆங்கிலேயர், பிறகு சண்டை. அதையும் விட, கோட்டையை முதல்ல கட்டின போர்த்துக்கேயத் தளபதி ஒலிவேராதான் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடிச்ச ஆளும். ஒரு கல்லைத் தூக்கினா கீழ இன்னொருத்தற்ற கதை கிடக்கும்.

இப்பிடியான இடத்தில வெளியில என்ன செய்தவை எண்டு பாத்தா எல்லா ஊரிலயும் ஒரே பதில் இல்லை. ஜேர்மனியில டிரெஸ்டன் நகரத்துச் சேர்ச் 1945 குண்டுவீச்சில விழுந்து, அரை நூற்றாண்டு கல்லுக்குவியலாவே கிடந்து, பிறகு 1994இல தொடங்கி 2005இல முடிச்சவை, எரிஞ்ச பழைய கல்லுகளை ஏலுமான அளவுக்கு அதுகள் முந்தி இருந்த இடத்திலயே பொருத்தி வச்சதால வெளிறின சுவரில கறுப்புக் கறுப்பாத் தெரியும், அதுதான் அழகே. இங்கிலாந்தில கொவென்றி எண்ட இடத்தில 1940இல எரிஞ்ச பேராலயத்தின்ர சுவரை அப்பிடியே கூரையில்லாம விட்டிட்டு பக்கத்தில புதுசு கட்டி 1962இல திறந்தவை. பாரிஸ் நோத்ர டாம் 2019 ஏப்ரல் 15 எரிஞ்சது, 2024 டிசம்பரில திறந்தாச்சு, ஏறத்தாழ இருந்தமாதிரியே. அது எப்பிடி ஏலுமாயிருந்ததெண்டா, எரியிறதுக்கு முதலே லேசரால அளந்த கணக்கு இருந்தது, ஊகம் தேவைப்படேல்லை. இதில இன்னொரு வேடிக்கை, எரிஞ்சு விழுந்த அந்தக் கூர்க்கோபுரம் நடுக்காலத்தது எண்டு கனபேர் நினைச்சவை, உண்மையில அது 19ஆம் நூற்றாண்டு வேலை. ஒரு மீட்டெடுப்பை இன்னொரு மீட்டெடுப்பு மீட்டிருக்கு.

எங்கட ஊரில இதை விடக் கஷ்டமான கேள்வி ஒண்டிருக்கு, சண்டைக் காயத்தை என்ன செய்யிறது? 1993 நவம்பரில குருநகர் யாகப்பர் கோயிலில குண்டு விழுந்தது, 1995 ஜூலை 9 நவாலி சென் பீற்றர்ஸ் சேர்ச்சில தஞ்சம் எண்டு வந்து இருந்த சனத்துக்கு மேல விழுந்தது. இப்பிடியான இடத்தில சுவரை வழுவழுப்பாப் பூசி முடிக்கிறது திருத்திறதோ, இல்லை அழிக்கிறதோ? என்ர நினைப்பு, ஒரு சின்ன இடமாவது மூடாம விடோணும். ஆனா அதே சுவருக்குப் பக்கத்தில ஒவ்வொரு ஞாயிறும் முழங்காலில நிக்கிற ஆள் "எனக்கு அதைப் பாக்கேலாது" எண்டா அவருக்குத்தான் முதல் உரிமை. இதுக்கு வெனிஸில விடை இல்லை.

இனி சுவர். இதுதான் நான் உண்மையில எழுத வந்தது.

எங்கட பழைய கோயில் சுவருகள் முருகைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும். முருகைக்கல் எண்டா பவளப்பாறைக் கல்லு, கடல்ல இருந்து வந்தது, பாரம் குறைவு, புதுசா எடுத்தவுடன வெட்டச் சுகம், ஆனா முழுக்க ஓட்டை, பஞ்சு மாதிரித் தண்ணியைக் குடிக்கும். போதாக்குறைக்கு உள்ள உப்பும் இருக்கு. நிலத்தில இருந்தும் ஈரம் ஏறும், திரியில எண்ணெய் ஏறுற மாதிரி, முழங்கால் அளவு, சில இடத்தில இடுப்பளவு. அந்தக் காலத்து மேசன்மார் இதைத் தடுக்க வெளிக்கிடேல்லை. சுவர் தண்ணி குடிக்கட்டும், குடிச்சதை வெளியில விடட்டும் எண்டு விட்டவை. அதுக்குத்தான் சுண்ணாம்புச் சாந்தும் சுண்ணாம்புப் பூச்சும். சுண்ணாம்புப் பூச்சுக்குள்ளால ஈரம் ஆவியாப் போகும், மாரியில நனையும், பங்குனி வெயிலில காயும்.

உப்புத்தான் வில்லன். ஈரம் போகேக்க உப்பு போகாது, எந்த இடத்தில தண்ணி ஆவியாகுதோ அந்த இடத்தில கட்டிபட்டு நிக்கும். நுண்ணிய ஓட்டைக்குள்ள உப்புப் பளிங்கு வளர வளர அது ஓட்டைச் சுவரைத் தள்ளி உடைக்கும். பூச்சு சுண்ணாம்பா இருந்தா அந்த உடைவு பூச்சில நடக்கும், பூச்சுக் கொட்டும், பத்துப் பதினைஞ்சு வருசத்துக்கு ஒருக்காத் திரும்பப் பூசுவினம், கல்லுக்கு ஒண்டும் ஆகாது. பூச்சு தன்னைக் குடுத்துக் கல்லைக் காப்பாத்துது. இப்ப அதுக்கு மேல சீமெந்தை அடிச்சா என்ன நடக்கும்? ஈரத்துக்கு வெளிய போக வழி அடைபட்டுப்போச்சு, அது இன்னும் உயர ஏறும், சீமெந்துக்குப் பின்னால கல்லுக்குள்ளயே உப்புக் கட்டிபடும், கொட்டுறது இப்ப பூச்சில்லை, கல்லு. வெளியில பாத்தா சுவர் நல்லா இருக்கும், உள்ள புற்று. அதோட சீமெந்து கல்லை விடக் கடினம், வெயிலுக்குச் சுவர் அசையேக்க சேந்து வளையாது, வெடிக்கும், அந்த வெடிப்பால மழைத்தண்ணி உள்ள போகும், பேந்து வெளிய வராது. எங்கட சுவருக்கு நடந்தது இதுதான். பிளாஸ்ரிக் பெயின்ற் அடிச்சாலும் ஏறத்தாழ இதே கதை, ரெயின்கோட் போட்டுக்கொண்டு ஓடிப் பாருங்கோ விளங்கும்.

சுண்ணாம்பு எப்பிடிக் கல்லாகுதெண்டது எனக்கு இண்டைக்கும் ஆச்சரியம். சுண்ணாம்புக்கல்லையோ சிப்பியையோ சூளையில 900 பாகை அளவில சுட்டா அதுக்குள்ள இருந்த கரியமிலவாயு பறந்திடும், மிஞ்சிறது சுட்ட சுண்ணாம்பு. தண்ணி விட்டா கொதிச்சு நீறும், கண்ணில பட்டாப் பார்வை போற அளவுக்குச் சூடும் காரமும், கவனம். நீறின களியைக் குழியில தண்ணிக்குக் கீழ மாதக்கணக்கில வச்சா இன்னும் நல்லது, வெத்திலையில தடவுறதும் இதே சாமான்தான். மணலோட குழைச்சுச் சுவரில பூசினா மெல்ல மெல்லக் காத்தில இருக்கிற கரியமிலவாயுவைத் திரும்ப எடுத்துக் கல்லாவே மாறிடும். சுத்தி வந்து தொடங்கின இடத்திலயே நிக்குது. இதில ஒரு பகிடி, காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை 1990 வரைக்கும் எங்கட சுண்ணாம்புக்கல்லைத்தான் சுட்டது, களிமண்ணோட சேத்து இன்னும் கூடின சூட்டில. ஒரே கல்லு, சுடுற விதத்தில ஒண்டு பழைய சுவருக்கு மருந்து, மற்றது நஞ்சு. புதுக் கட்டடத்துக்குச் சீமெந்து நல்ல சாமான், அதைப் பழிக்கேல்லை.

பூசிற கணக்கு பொதுவா ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூண்டு பங்கு மணல், ஆனா அந்தச் சுவரில ஏற்கனவே என்ன இருக்கு எண்டு பாத்துத்தான் முடிவெடுக்கோணும். பழைய சாந்தில ஒரு துண்டை எடுத்து அமிலத்தில போட்டா சுண்ணாம்பு கரைஞ்சு மணல் மிஞ்சும், அதை நிறுத்துப் பங்கைக் கண்டுபிடிப்பினம். எங்கட மணலில சிப்பித்தூளும் முருகைத்தூளும் கலந்திருந்தா அதுவும் சேந்து கரைஞ்சுபோகும், கணக்குப் பிழைக்கும், அதால கண்ணாலயும் பாக்கோணும். கடல்மணல் வேண்டாம், உவர்க் கிணத்துத் தண்ணியும் வேண்டாம், உப்பை எதிர்க்கப்போய் உப்பையே குழைக்கக்கூடாது. மெல்லிய மெல்லிய படையாப் பூசி, ஈரச்சாக்குப் போட்டு, வெயில் நேர படாமப் பாக்கோணும். எங்கட ஒழுங்கையில ஒரு வயசான மேசன் ஐயா இருக்கிறார், அவர் சொன்னார், "தம்பி, சீமெந்து வேலைக்காரன் பின்னேரம் கூலி வாங்கிக்கொண்டு போவான், சுண்ணாம்பு வேலைக்காரன் அடுத்தநாள் விடிய வந்து சுவரைத் தடவிப் பாப்பான்" எண்டு. கடுக்காயும் பனங்கட்டிப் பாணியும் கலக்கிற கைப்பக்குவம் பற்றியும் சொன்னார், அளவு கேட்டா மட்டும் சிரிக்கிறார்.

கூரையைப் பற்றி சுருக்கமா: சுவரைத் தொட முதல் கூரை. ஓடு விலகி ஒழுகிற கோயிலுக்குச் சுவர் பூசிறது ஓட்டை வாளியில தண்ணி அள்ளுறது. வைரமான பனஞ்சிலாகை கறையான் பிடிக்காம நிண்டா அதைக் கழட்டி இரும்பு போடாதேங்கோ, உக்கின நுனியை மட்டும் வெட்டி ஒட்டலாம். சுவரில ஆலோ அரசோ முளைச்சிருந்தா இழுத்துப் பிடுங்கக் கூடாது, வேரோட கல்லும் வரும், வெட்டிச் சாகவிட்டுப் பிறகு எடுக்கிறது.

சரி, முன்றல். இஞ்சதான் எல்லாரும் சறுக்கிறது, நாங்களும். சுவர் வேலை ஒரு ஆள், முன்றல் வேலை இன்னொரு ஆள், ரெண்டுக்கும் வேற வேற நன்கொடை. ஆனா மழைத்தண்ணிக்கு இது தெரியாது. பழைய முன்றல் வெள்ளை மணல், ஐப்பசி கார்த்திகை மழை எவ்வளவு கொட்டினாலும் அடுத்தநாள் விடிய மணல் குடிச்சுப்போட்டு இருக்கும். சுவர் ஓரத்து நிலமும் மூச்சு விட்டது. அதுக்கு மேல கொன்கிறீற் போட்டுக் கல்லுப் பதிச்சவுடன நிலத்துக்குக் கீழ இருக்கிற ஈரம் எங்க போகும்? மூடாம இருக்கிற ஒரே இடத்துக்கு, அதாவது சுவருக்கு. இது போதாதெண்டு பதிக்கேக்க அரை அடி ஒரு அடி நிலம் உயர்ந்திடும். ஒவ்வொரு தலைமுறையும் றோட்டையும் முன்றலையும் உயர்த்தி உயர்த்தி, ஒருகாலத்தில மூண்டு படி ஏறி உள்ள போன கோயிலுக்கு இப்ப ஒரு படி, சிலதுக்கு இறங்கிப் போகோணும். உங்கட கோயிலின்ர பழைய படம் ஒண்டு, ஆற்றையும் கலியாண அல்பத்தில இருக்கும், எடுத்துப் படியை எண்ணிப் பாருங்கோ. காணாமப்போன படிகள்தான் சுவருக்குள்ள ஏறின தண்ணி.

முன்றல் தண்ணிக்கு மட்டும் இல்லைத்தானே. கொடியேத்திறது, நவநாள், பெருநாள் அண்டைக்குச் சுரூபம் சுத்தி வாறது, கச்சான்காரர், கரையோரக் கோயிலுகளில விடிய விடிய நாட்டுக்கூத்து, தவக்காலத்தில திருப்பாடுகளின் காட்சி, எல்லாம் முன்றலிலதான். சண்டைக் காலத்தில சனம் பாயை விரிச்சுப் படுத்ததும் அங்கதான். அப்ப முன்றலைத் திட்டமிடேக்க முதல் கேள்வி எந்தக் கல்லு எண்டதில்லை, ஆர் எந்த நேரம் எங்க நிக்கினம் எண்டது. மத்தியானம் ரெண்டு மணிக்கு ஒருக்காப் போய்ப் பாருங்கோ, வேப்பமரத்துக்குக் கீழ கிழவர் ரெண்டு பேர், வேலியோரத்தில சைக்கிள், பூசைக்கு வந்த ஆக்கள் செருப்பைக் கழட்டுற இடம். அந்த வேம்பை வெட்டிப்போட்டுக் கல்லுப் பதிச்சா மாசி தொடங்கினா ஒருத்தரும் நிக்கேலாது, காலைச் சுடும். நல்லூரில திருவிழா 25 நாளும் றோட்டை மறிச்சு, அங்கப்பிரதட்டை செய்யிற ஆக்களுக்காகத் தாரை மூடி மணல் பரப்பிறாங்கள் பாருங்கோ, மாநகரத்துக்கு நடுவில மணல் ஏலாது எண்டு சொல்லுற ஆக்களுக்கு அதைக் காட்டுங்கோ.

பாரிஸ் ஆக்களும் இதே முடிவுக்குத்தான் வந்தவை. நோத்ர டாமுக்கு முன்னால இருக்கிற வெளி மாநகரசபையின்ர, கோயில் அரசாங்கத்தின்ர, அதால முன்றலுக்கு வேற போட்டி வச்சு 2022இல பாஸ் ஸ்மெற்ஸ் எண்ட பெல்ஜியத்து வடிவமைப்பாளரைத் தெரிஞ்செடுத்தவை. அவற்ற திட்டத்தில நிறைய மரம், கடும் வெயில் நாளில தரை குளிர ஐஞ்சு மில்லிமீற்றர் அளவுக்கு மெல்லிய தண்ணிப் படை ஓடும். காசுள்ள நாடு, நாங்கள் வாளியால தண்ணி தெளிச்ச அதே யோசனை. இஞ்சயும் ஆற்ற நிலம் எண்ட கேள்வியை முதல்ல தீர்க்கோணும், வளவு மேற்றிராசனத்தின்ரயா இருக்கும், றோட்டு மாநகரசபையின்ரயோ வீதி அபிவிருத்தி அதிகாரசபையின்ரயோ, அவை றோட்டை உயர்த்தினா தண்ணி வாறது எங்கட வாசலுக்கு. மிகப்பழைய கட்டடமெண்டா தொல்லியல் திணைக்களத்திட்டக் கேக்காம ஒரு கல்லையும் அசைக்கக்கூடாது, 1940இல இருந்து அதுக்குச் சட்டம் இருக்கு.

வேலை தொடங்க முதல் செலவில்லாம செய்யக்கூடிய ஒண்டு சொல்லுறன். சுவரில வெடிப்பு இருந்தா அதுக்குக் குறுக்கால ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை ரெண்டு பக்கமும் ஒட்டித் திகதி எழுதுங்கோ. ஒரு வருசம், ஒரு மாரியும் ஒரு கோடையும் பாருங்கோ. கண்ணாடி உடைஞ்சா சுவர் அசையுது, அத்திவாரத்தைப் பாக்க ஆள் தேவை. உடையேல்லையெண்டா அது பழைய வெடிப்பு, சாந்தால அடைச்சாக் காணும். அதுக்கிடையில எல்லாப் பக்கத்தையும் படம் எடுத்து, அளந்து, எங்க எப்ப ஈரம் தெரியுது எண்டு ஒரு கொப்பியில எழுதுங்கோ. பெருநாளுக்கு முதல் முடிக்கோணும் எண்ட அவசரத்தில முதல்ல பறிபோறது இந்த ஒரு வருசம்தான்.

எங்கட கோயிலில இப்ப என்ன நிலைமை எண்டு கேட்டா, சீமெந்துப் பூச்சை உளியால மெதுவாக் கழட்டிச் சுவரை ஒரு கோடை வெறுமனக் காய விட்டிருக்கிறம், பாக்க அலங்கோலம், பெருநாளுக்கு வந்த வெளிநாட்டுச் சொந்தக்காரர் எல்லாம் கேக்கினம். முன்றலில கல்லு முழுதையும் எடுக்கச் சம்மதிக்கேல்லை, நன்கொடை குடுத்தவற்ற பேர் கல்லில பொறிச்சிருக்கு. கடைசியில சுவரைச் சுத்தி ரெண்டடி அகலத்துக்கு மட்டும் கல்லைக் கிளப்பி, கொன்கிறீற்றை உடைச்சுச் சல்லி நிரப்ப ஓம் எண்டினம். பாட்டுக்குழுப் பிள்ளையள் ஹீல்ஸ் சல்லிக்குள்ள புதையுதெண்டு குறை சொல்லுதுகள். வாற கூட்டத்தில அதுதான் முதல் விசயம்.